ஜாதகத்தின் பின்பக்கம்

சூடு ஆறாத ஜெராக்ஸ் தாளின் வாசனை இன்றும் என்னைக் கோபிசெட்டிபாளையம் வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நான் பிளஸ் டூ படித்த வருஷம், அப்பாவின் அக்காவான என் அத்தை, என் ஜாதகத்தைக் கத்தையாக நகல் எடுத்து வைத்திருந்தார். நான் மூல நட்சத்திரம். ‘மூலத்துப் பொண்ணு’ மாமனாருக்கு ஆகாதாம், அதனால் மாமனார் இல்லாத வீடாகத் தேடினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்த தாள்களின் பின்பக்கத்தில்தான் நான் கணக்குப் போட்டேன். கோபத்தோடுதான் போட்டேன்.

பல்லுறுப்புக்கோவையின் பூச்சியங்களைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அப்போது பைத்தியம். x³ − 3x² + 4x − 2 என்ற கோவையில் கெழுக்களைக் கூட்டினால் பூச்சியம், ஆகவே 1 ஒரு மூலம். வரைந்து பார்த்தால் கோடு அச்சை அந்த ஒரே இடத்தில்தான் வெட்டும், கதை முடிந்தது என்று தோன்றும். ஆனால் மூன்றாம் படி என்றால் மூன்று மூலங்கள் இருந்தே தீர வேண்டும்; வகுத்துப் பார்த்தால், படத்தில் தென்படாத 1 + i, 1 − i என்ற கலப்பு எண்கள் இரண்டும் ஜோடியாக வந்து நிற்கும். தென்படாததை இல்லையென்று தள்ள முடியாது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கல்லூரிக்குப் போகிறேன் என்று நான் சொன்னதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத காலம் அது.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த குடும்பம் ஒன்று வந்தது. தகப்பன் இல்லாத மாப்பிள்ளை. பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம், படிப்பு அத்தோடு சரி என்று பேச்சு. அத்தை அவசரத்தில் எடுத்துக் கொடுத்த தாளை மாப்பிள்ளையின் சித்தப்பா திருப்பிவிட்டார். அங்கே நான் விடையைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: ‘மெய் மூலம் ஒன்று. கலப்பெண் மூலம் இரண்டு.’

“ஏனுங்க, கலப்புப் பொண்ணுன்னு எழுதியிருக்குதுங்க? குடும்பத்துல கலப்புக் கல்யாணம் ஏதாச்சும் நடந்திருக்குதுங்களா?”

அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அத்தை உள்ளே ஓடிவந்து, “அம்மணி, தெரியாம எழுதிப்போட்டேன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிரு கண்ணு” என்று கெஞ்சினார். சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுத் தட்டு மாற்றியிருப்பார்கள். நான் முன்னறைக்குப் போய் நின்றேன்.

“தெரிஞ்சுதானுங்க எழுதுனேன். கணக்குங்க அது, மூணு விடையும் சரிங்க. நான் பீளமேட்டுல இஞ்சினீயரிங் படிக்கப் போறேனுங்க, எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்க.”

“புள்ளைக்கு வாய் சாஸ்தியா இருக்குதுங்க” என்று எழுந்தவர் காபியைக்கூடத் தொடவில்லை. அப்பா பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ‘கலப்பாமா’ என்ற பேச்சு ஈரோடு வரைக்கும் பரவி, அப்புறம் ஜாதகம் கேட்டு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் அப்பா கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த அவதூறை மறுக்கச் சொல்லி அத்தை எவ்வளவோ சொன்னார். நான் மறுக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது பீளமேட்டில்தான் வேலை, வீடு எல்லாம். ஜாதகத் தாள்கள் போயே போய்விட்டன. எல்லாம் போனில் வருகிறது, போனில் வரும் ஜாதகத்துக்குப் பின்பக்கம் கிடையாது. என் மகள் பிளஸ் டூவுக்கு வந்ததும் அத்தை கூப்பிட்டார்: “புள்ள ஜாதகத்தை வாட்சப்புல போட்டு உடு கண்ணு.”

“அவளுக்கு ஜாதகமே எழுதலீங்கத்தை” என்றேன்.

கணக்குப் போட அவளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையான தாளாகவே வாங்கித் தருகிறேன்.