கொழுந்து பதிந்த முட்டை

வெங்காயத் தோலைக் குப்பையில் போட எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. ஹட்டனில் இப்போது வாடகைக்கு இருக்கும் அறையில், தவக்காலம் முடிவதற்குள் ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "டீச்சர், இதெல்லாம் என்னத்துக்கு? கரப்பான் வருமே" என்றார். முட்டைக்குச் சாயம் போட என்றேன். "முட்டைக்கா?" என்று என் முகத்தையே பார்த்தார். மண்சரிவுக்குப் பிறகு இந்த டீச்சர் ஒரு மாதிரி என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார். அது முழுப் பொய்யும் இல்லை. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த முட்டை உங்களுக்கும் புதிதாக இருக்கலாம். என் அப்பா திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரர். அவர் அங்கே எடுபிடியாகச் சேர்ந்த காலத்தில், வெள்ளைக்காரத் துரைசாணி ஈஸ்டருக்கு முட்டை ஓட்டில் இலையையும் பூவையும் பதிப்பாராம். அவர்கள் கப்பலேறிப் போனார்கள். அந்த முட்டை வேலை மட்டும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டது. துரைசாணியிடம் சாயப் புட்டிகள் இருந்தன. எங்களிடம் வெங்காயத் தோலும் தேயிலைத் தூளும். துரைசாணி வீசிய மெல்லிய காலுறை ஒன்றை அப்பா துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார். அந்தத் துண்டுகள் வருடம் முழுவதும் பிஸ்கட் டின்னில் தூங்கும். ஈஸ்டரை நாங்கள் பாஸ்கு என்போம்; அதற்கு முதல் நாள் மட்டும் எழுந்து வரும்.

இலையை ஈரமாக்கி முட்டையில் ஒட்ட வேண்டும். அது அசையாதபடி காலுறைத் துண்டால் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டி, தோலும் தூளும் கொதிக்கும் தண்ணீரில் இறக்க வேண்டும். அந்தக் கொதியின் மணம் எப்படி என்று கேட்டால், சாம்பாரும் பிளேன்டீயும் சண்டை போடுவது போல என்றுதான் சொல்ல வருகிறது. ஆறிய பிறகு அவிழ்த்தால், செம்பழுப்பு ஓட்டின் நடுவே இலை வெளிறிப் பதிந்திருக்கும். அப்பாவுக்குச் சீப்புப் பல் போல இலை பிரியும் பன்னத்தழை. எனக்குக் கையில் கிடைத்தது. அம்மாவுக்குக் கொழுந்துதான், இரண்டு இலையும் அரும்பும்.

நாளெல்லாம் அதையே கிள்ளுகிறவள் முட்டையிலும் அதையா வைப்பாள் என்று அப்பா கேலி செய்வார். "எங் கையில எது இருக்கோ அதத்தானே வைக்க முடியும்" என்பாள் அம்மா.

அந்தக் கொழுந்தால் ஒரு வருடம் வம்பு வந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், அம்மாவின் தலைத்துணி மடிப்பில் கொஞ்சம் கொழுந்து ஒளிந்திருந்ததைக் கங்காணி மாமா பார்த்துவிட்டார்.

"என்னா மேரி, தனியா ஃபெக்டரி போடப் போறியா?"

பயத்தில் அம்மா, "சாமிக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். சாமி என்றதும் அவர் அவளை அப்படியே போகவிட்டார். அந்த நன்றிக்காகத்தான் பாஸ்கு அன்று தன் முட்டையையே என்னிடம் கொடுத்து அவர் காம்பராவுக்கு அனுப்பினாள். அவித்த முட்டை, உரித்துச் சாப்பிடலாம் என்று சொல்லத்தான் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்து கங்காணி மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"மேரி, ஒங்க சாமிக்கு நான் ஒரு கொறையும் வைக்கலம்மா. மாரியம்மா படத்துக்குப் பக்கத்துலதான் வச்சேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சூடம் காட்டுனேன். இப்ப நாறுது. வீட்டுல இருக்க முடியல. தூக்கி வீசுனா பாவமா?"

அப்பா சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடிவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "ஓடத் தண்ணியில விட்டுருங்கண்ணே. பாவமில்ல" என்றாள். லயத்துக்குப் பின்னால் ஓடிய சிற்றோடையில் அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் விட்டார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடப் போனேன்.

பாஸ்கு காலையில் முட்டை மோதுவோம். ஆளுக்கு ஒன்று பிடித்து முனையோடு முனை இடிக்க வேண்டும். உடையாத முட்டைக்காரருக்கு உடைந்ததும் சொந்தம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, என் கணவரும் போன பிறகு, அதே காம்பராவில் நானும் மகள் ஜெனியும் மோதினோம். அவள் என்னைப் போல இல்லை. குறிபார்த்து இடித்து வென்றுவிட்டு, "டீச்சர் பெயில்!" என்று கத்துவாள்.

போன மழைக்காலத்தில், ஒரு பகல் வேளை. ஜெனி கொழும்பு வேலையிலிருந்து லீவில் வந்திருந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பின்சுவருக்கு அப்பால் யாரோ பெரிய மூட்டையை இழுப்பது போல ஒரு சத்தம். "அம்மா, வெளிய வாங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் வாசலைத் தாண்டியபோது அடுப்படி இருந்த இடத்தில் மலை இருந்தது. லயத்தில் யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிஸ்கட் டின் மண்ணுக்குள் போனது.

அதன் பிறகு ஜெனி மலைக்கு வரவில்லை.

பாஸ்குக்கு முந்திய கிழமை போனில் கேட்டாள்: "அம்மா, அங்க மழையா?"

"இல்ல புள்ள, நல்ல வெயிலு."

"பொய் சொல்றீங்க. தகரம் சத்தம் கேக்குது. நீங்க இங்க வந்துருங்கம்மா."

"புள்ளைங்களுக்குப் பரீட்ச கெடக்கே. நீ பாஸ்குக்கு வாடி. முட்டை மோத ஆளில்ல."

"வரப் பாக்குறேன்" என்றாள்.

அதை நம்பிக் கடையில் காலுறை வாங்கி வெட்டினேன். புதுக் காலுறையை வெட்டியதற்கு அப்பா இருந்தால் திட்டியிருப்பார். ஜெனிக்குக் கொழுந்து வைத்தேன். எனக்குப் பன்னம். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்ததும் இரண்டும் மினுங்கின. பாஸ்கு அன்று கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கொழும்பு பஸ்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள். பிறகு போனில் ஒரு செய்தி வந்தது.

"அவிசாவளை வரைக்கும் வந்தேம்மா. அதுக்கு மேல முடியல. எறங்கிட்டேன். மன்னிச்சிருங்க."

"பரவாயில்ல. போய்ச் சேந்ததும் கோல் எடு" என்று பதில் போட்டேன். மலை தொடங்கும் இடம் வரைக்குமாவது வந்தாளே என்று நினைத்தேன். என் கையை இழுத்து ஓடிய பிள்ளை, வழியில் தனியாக இறங்கி நின்றிருப்பாளே என்றும் நினைத்தேன்.

அறைக்கு வந்து இரண்டு முட்டையையும் இரண்டு கையில் எடுத்தேன். மோதவில்லை. எது உடைந்தாலும் கத்துவதற்கு யாரும் இல்லை. என் முட்டையை உரித்துச் சாப்பிட்டேன். அவளுடையதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் எடுத்து மோந்து பார்க்கிறேன். அன்று அப்பாவும் நானும் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வருகிறது, கங்காணி மாமா. இன்று லேசாக ஒரு வாடை வந்தது. கொண்டுபோய் விடலாம் என்றால், அந்த ஓடைக்கு மேல் இப்போது மண்தான் கிடக்கிறது.