வெளியில் நின்றதெல்லாம் வெளிமான் இல்லை

காலை 5.20. காரைக்கால் பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. சம்பந்தி தங்கராசுவைக் காணவில்லை. ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னவர். ஆறு முறை கைப்பேசியைப் பார்த்துவிட்டேன், கழிப்பறைப் பக்கம் இரண்டு முறை நடந்துவிட்டேன். நடத்துனர் விசில் ஊதியதும் வேறு வழியின்றி ஏறினேன். மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி. நான் வந்து அரை மணி நேரமாச்சு."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"நீங்க கீழே நின்னு எதையோ எண்ணிக்கிட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அவர் வரிச்சிக்குடியில் நெல் சாகுபடி செய்கிறவர். நாலு மணிக்கு எழுகிறவர். நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன்; ஆறு மணிக்கு முன் எழுந்தால் அன்று முழுவதும் தலை கனக்கும். என் மகள் சுமதியை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். இருவருக்கும் மனைவி இல்லை. பிள்ளைகள் தருமபுரத்தில் புதுவீடு கட்டி, கீழ்த்தளத்தை எங்கள் இருவருக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள்: இரண்டு அறை, ஒரு கூடம், ஒரே குளியலறை. அந்த ஒன்று என்னை மூன்று வாரமாகத் தூங்கவிடவில்லை. "ஒரு நாள் ஒண்ணா எங்கயாவது போய்ட்டு வாங்கப்பா. குடி வர்றீங்களா இல்லையான்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடிவைச் சொல்லுங்க" என்றாள் சுமதி. இன்று ஞாயிறு. கோடிக்கரைக்குப் போவதென்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். எழுபத்திரண்டு வயதுவரை மானை வேலி இல்லாமல் பார்த்ததில்லை.

வாஞ்சூரில் மாநிலம் மாறுகிறது. அதற்குள் ஜன்னலுக்காக இரண்டு சுற்று நடந்துவிட்டது. அவர் திறப்பார், நான் மூடுவேன். நாகப்பட்டினத்தில் பேருந்து மாறி, 7.45க்கு வேதாரண்யம். பன்னிரண்டு ரூபாய்த் தேநீரை அவர் சர்க்கரையில்லாமல் குடித்தார். நான் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அங்கிருந்து ஆட்டோவில் பதினொரு கிலோமீட்டர், இருபுறமும் உப்பளம்.

8.30. சரணாலயத்தில் முருகையன் என்ற வேட்டைத் தடுப்புக் காவலர் எங்களுடன் நடந்தார். காட்டைத் தாண்டியதும் புல்வெளி, அதற்கப்பால் கடல் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம். பனி இன்னும் கலையவில்லை. நான் குறிப்பேட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு, ஒன்றில் வெளிமான், இன்னொன்றில் புள்ளிமான் என்று தலைப்பிட்டிருந்தேன்.

"எத்தன எழுதினீங்கய்யா?"

"வெளிமான் முப்பத்து நாலு. புள்ளிமான் ஒன்றும் இல்லை."

முருகையன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "புதர் ஓரமா நிக்கிற பதினொண்ணும் புள்ளிமானுங்கய்யா."

"வெளியில்தானே நிற்கிறது?"

"வெளியில நின்னா வெளிமானாயிடுமாங்க? அப்பன்னா நாமளும் வெளிமான்தான்."

சம்பந்தி இருமல் வரும்வரை சிரித்தார். "அடிச்சு எழுதுங்க சம்பந்தி. நம்ம மூணு பேரையும் சேத்து மொத்தம் முப்பத்தேழு!"

அடித்துத்தான் எழுதினேன்: இருபத்து மூன்று, பதினொன்று. கிட்டப் போனதும் வித்தியாசம் தெரிந்தது. வெளிமான் கிடாவுக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. ஆயுளுக்கும் அதே கொம்புதானாம். புள்ளிமான் கொம்பு கிளைவிட்டது; விழுந்து விழுந்து முளைப்பது.

"ரெண்டும் ஒரே இடத்துல இருக்கே, சண்டை வராதா?" என்றார் சம்பந்தி. நான் கேட்க நினைத்த கேள்வி.

"எதுக்குங்க சண்டை? இது புல்லுதான் மேயும். அது புல்லும் மேயும், எலை, பழம் விழுந்தாலும் பொறுக்கும். வெயில் ஏறுனா அது காட்டுக்குள்ள போயிடும்; இது இங்கேயே நிக்கும். நல்ல தண்ணிதான் பிரச்சனை. சுத்தி உப்பு. கோடையில ரெண்டுக்கும் ஒரே குட்டைன்னு ஆயிடும்."

அந்தக் குட்டையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றேன். "எதுக்குங்க, வெயிலாயிடும்" என்றார் முருகையன். நான் விடவில்லை.

10.10. குட்டையில் வெளிமான் கிடா ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. நாலு புள்ளிமான்கள் முப்பது மீட்டர் தள்ளி நின்றன. என் கணக்கில் ஒரு மீட்டர் முன்பின் இருக்கலாம். கிடா தலை தூக்கிப் பார்த்தது. மறுபடி குனிந்தது. ஒன்பது நிமிடம். எனக்குக் கால் மாற்றி மாற்றி வலித்தது, அவை அசையவில்லை. கிடா நகர்ந்ததும் நாலும் இறங்கின. முட்டல் இல்லை, விலக்கல் இல்லை. சற்று நேரத்தில் காட்டுக் குதிரைகள் ஏழு வந்து குட்டையைக் கலக்க, எல்லாமே ஓடிவிட்டன.

"நம்ம வீட்டுல அது பேரப்புள்ளைங்க" என்றார் சம்பந்தி.

திரும்பும் பேருந்து நாகூர் தாண்டும்போது சுமதி அழைத்தாள். "என்னப்பா, என்ன முடிவு?"

சம்பந்தி என் காதருகே குனிந்து, கைப்பேசிக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாலரைக்கு நான் குளிச்சிடுவேன், ஏழு மணிக்கு அவரு. நடுவுல ரெண்டரை மணி நேரம் குட்டை சும்மாத்தான் கெடக்கும்னு சொல்லுங்க."

"குட்டையா? எந்தக் குட்டைப்பா?"

"குளியலறைம்மா" என்றேன். "வர்றோம்."

அவர் ஜன்னலைப் பாதி மூடினார். மீதிப் பாதி வழியாக வந்த காற்றில் காரைக்கால் வரை நான்கு முறை தும்மினேன், மூட எழுந்திருக்கவில்லை.