ஏழு வாசல் நகரம்

நெடுந்தீவுப் படகில் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் என் பக்கத்தில்தான் இருப்பார். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் எழுத்தர் வேலை. கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. ஏழு உலகங்களுக்கும் வாசல் வைத்த ஒரு நகரத்தின் சரித்திரத்தைத் தானே கட்டி, லீவில் வரும்போதெல்லாம் ஒவ்வொரு ராசாவாகச் சொல்லுவார்.

சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச்சிங்களச் சட்டம் வந்து சில வருடங்களின் பின், ஒருநாள் பெட்டி படுக்கையோடு வந்தார். சிங்களச் சோதனை எழுத மாட்டேன் என்று நின்றதில் வேலை போய்விட்டது.

மனதைத் தேற்றலாமென்று, "அண்ணை, இண்டைக்கு எந்த ராசா?" என்றேன்.

"கடைசி ராசா. எல்லா வாசலிலையும் தன்ரை பாசைதான் எண்டிட்டான். மற்ற ஆறு வாசலும் பூட்டுப்பட்டுப் போச்சு."

"சனம் என்ன செய்தது?"

"உள்ளுக்கை நிண்டு கைதட்டினது, தம்பி."

பிறகு எத்தனையோ தரம் ஒன்றாகப் போனோம். விலைவாசி பேசினார், மழை பேசினார். அந்த நகரத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கேட்க எனக்கும் மனம் வரவில்லை.