தொட்டிக் கமுகும் வெள்ளைப் பூனையும்

1930களின் தொடக்கத்தில் எங்கள் முன்னறையில் ஒரு கமுகு வளர்ந்தது. தோப்பில் நிற்க வேண்டிய பாக்குமரத்தை மண்தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மனைவி. மிஷன் பங்களாவின் கூடத்தில் அப்படி ஒன்றை அவள் பார்த்திருந்தாள். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த அவள் தம்பிதான் கன்றைக் கொண்டுவந்தான்.

"அடுத்தால ஒரு தெங்கும் கொண்டாறேன்க்கா, கட்டிலுக்குப் பக்கத்துல நடு" என்றான்.

எனக்கு அந்தக் கன்றைக் கண்டாலே கவலை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்; ஊற்றாவிட்டால் ஓலை நுனி கருகும். நேர் வெயில் படக்கூடாது, இருட்டும் ஆகாது. பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகுமுன் ஓலைகளை எண்ணுவேன். ஐந்து. திரும்பி வந்ததும் எண்ணுவேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் இல்லாத நேரமெல்லாம் அவளுக்குப் பேச்சுத்துணை ஒரு வெள்ளைப் பூனை. அது கமுகோலையைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு மச்சினனிடம் கேட்டேன். மாடே தின்னும், பூனைக்கு ஒன்றும் செய்யாது என்று அவன் அடித்துச் சொன்னான். அதன் பிறகும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையாருக்கு முன்னால் ஐந்து ஓலைக் கன்று மெலிந்து தெரியும் என்று மனைவிக்கு வருத்தம். பக்கத்து வீட்டில் கல்யாணப் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பந்தலுக்கு ஈந்தோலை கட்டுவது வழக்கம். ஈந்து மலைக்காட்டுச் செடி. பார்க்கப் பனைவகை போலிருக்கும், ஆனால் பனையல்ல. மிஞ்சிய ஆறு ஓலைகளை வாங்கி வந்து தொட்டியில் கமுகைச் சுற்றிச் செருகிவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மச்சினன் பிந்தி வந்தான். சபையின் உபதேசியார் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் காதோரம் கேட்டான்.

"அத்தான், தொட்டில நிக்கது ஈந்தா?"

"ஆமா, அழகுக்கு வச்சது."

"அதத் தின்னு எங்க தோட்டத்துல ஒரு மாடு பின்னங்கால் விழுந்து கெடந்து செத்துது. அந்தப் பூனை அங்க என்ன செய்யுதுன்னு பாருங்க."

கண்ணைத் திறந்தேன். பூனை தொட்டி விளிம்பில் முன்கால் வைத்து, தலையைச் சாய்த்து எதையோ சவைத்துக்கொண்டிருந்தது. ஜெபத்தின் நடுவில் வீட்டுக்காரன் எழுந்து போனால் சபை முழுக்க அதுவே பேச்சாக இருக்கும். உபதேசியார் இருபத்துமூன்று குடும்பங்களையும் பேர் சொல்லி ஜெபிப்பவர். அப்போதுதான் ஒன்பதாவது குடும்பத்துக்கு வந்திருந்தார்.

ஆமென் என்றதும் தொட்டிக்கு ஓடினேன். கமுகில் ஓர் ஓலை நார்நாராகக் கிழிந்திருந்தது. மனம் கொஞ்சம் ஆறியது. ஆனால் ஈந்தோலைகளில் ஒன்றுக்கு நுனி இல்லை. பந்தலிலேயே முறிந்ததா, பூனை தின்றதா? யாருக்கும் தெரியவில்லை.

விஷயம் கேட்ட மனைவி பூனையை வாரி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கீழ விடுக்கா, நடக்குதான்னு பாப்பம்" என்றான் தம்பி.

"விடமாட்டேன். நான்தானே கொண்டு செருகுனேன்."

"பூனைக்கும் சேத்து ஒரு ஜெபம் பண்ணட்டுமா?" என்று உபதேசியார் கேட்டார்.

"உங்க ஜெபம் நீண்டதுனாலதான் இந்தக் கதி, உபதேசியாரே" என்றாள் மனைவி.

எல்லோரும் போன பிறகும் அவள் பூனையைத் தரையில் விடவில்லை. அது விழுந்துவிட்டால் அதைப் பார்க்க அவளால் முடியாது. நான் ஈந்தோலைகளைப் பிடுங்கி மதிலுக்கு வெளியே எறிந்தேன். ஆறும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். தம்பி அடுக்களையிலிருந்து ஒரு துண்டு பொரித்த சாளை மீனைக் கொண்டுவந்து சற்றுத் தள்ளி வைத்தான். பூனை அவள் கையிலிருந்து திமிறிக் குதித்தது. அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"நாலு காலும் ஊனுதா? சொல்லுங்க."

"ஊனுது, நாலும் ஊனுது" என்றேன்.

இடது பின்னங்கால் மட்டும் சற்றுப் பிந்தி வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. பூனை அதன்பின் ஆறு வருஷம் மதில் மதிலாகத் தாவித் திரிந்தது. அந்தக் காலைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.