கடல் குளிர்ச்சிதான் என்று சொன்னவள்

தொமித்திலா இறாலின் தலையைத் திருகிப் பிய்த்தாள், முதுகை நகத்தால் கீறினாள், கறுப்பு நரம்பை உருவி எறிந்தாள். அடுத்த இறாலை எடுத்தாள். கூடையை முடித்துவிட்டுக் கைவாடை போகத் தேய்த்துக் குளித்து, சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். அங்கே அவள் உதவிச் செவிலி. கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இறால் உரிப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது அவள் கணவன் சாந்தோஸின் கட்டளை.

பசிபிக் கரையோரத்துச் செச்சூராக் கடல் குளிர்ந்த கடல். நெத்திலி வரும், இறால் இப்படிக் கூடை கூடையாக வராது. வந்தால் வடக்கிலிருந்து சூடான நீர் இறங்கிவிட்டது என்று பொருள். அது இறங்கினால் கிறிஸ்துமஸ் கழிந்த ஓரிரு மாதத்தில் இந்தப் பாலைவனத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். உலகமே எல் நினோ என்று சொல்கிறதே, அது இந்தக் கரையின் மீனவர்கள் வைத்த பெயர்தான்.

“யாருகிட்டயும் மூச்சு விடாத. ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் துறையில இருக்குற அத்தனை படகும் என் வால புடிச்சுக்கிட்டு வந்துடும்,” என்றான் சாந்தோஸ்.

“மழை வருமேங்க. சனங்ககிட்ட சொல்ல வேணாமா?”

“ரேடியோவுல எல் நினோ இல்லைன்னுட்டான். பசிபிக் நடுவுல தண்ணி ஜில்லுனுதான் இருக்காம். அவனே சொல்லல, நாம யாரு சொல்றதுக்கு? நீ உரி.”

ரேடியோ பேசியது நடுக்கடலைப் பற்றி. சூடாகியிருந்தது இந்தக் கரையோரம். தொமித்திலாவுக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தச் சாக்கு அவளுக்கு வசதியாக இருந்தது. உரித்தாள்.

அன்று பகலிலேயே சுகாதார நிலையத்துக்கு ருஃபினா வந்தாள். தொமித்திலாவின் இளைய மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் ருஃபினா. அன்று முதல் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப்பிறந்தவளுக்கு மேலான உறவு அது.

“ஊசி போட வரல கொமாத்ரே, பயந்துடாதீங்க,” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். “பழைய ஆத்துப் பள்ளத்துல மனை கெடைச்சிருக்கு. மண்கல்லும் அறுத்துக் காயவச்சாச்சு. மச்சினன் வீட்டுல இன்னும் எத்தனை நாள் அவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்குறது? உங்க வீட்டுக்காரர் தெனம் கடல்ல இருக்காரு. தண்ணி எப்படி இருக்காம்?”

பள்ளத்தில் சுவர் வைக்கும் யாரும் அங்கே முதலில் கேட்பது அதைத்தான். மீனவன் மனைவியிடம்தான் கேட்பார்கள். கேட்டால் உண்மை சொல்வார்கள் என்பதும் வழக்கம்தான்.

தொமித்திலா கைகளை அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். “எப்பவும் போலத்தான். ஜில்லுனு இருக்காம்.”

“அப்ப சுவரை எழுப்பிடட்டுமா?”

“எழுப்புங்க.”

முதலில் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது சொல்தான் பிற்பாடு அவளைத் தின்றது.

பிப்ரவரியில் மழை பிடித்தது. பள்ளம் தன் பழைய ஆற்றை நினைத்துக்கொண்டதுபோல் ஒரே இரவில் நிரம்பியது. ஊறிய சுவர் ருஃபினாவின் கணவன் கசிமிரோவின் காலில் சரிந்தது. எலும்பு தப்பியது, சதை கிழிந்தது. இப்போது நெடுஞ்சாலை ஓரம், வீடிழந்த மற்றவர்களோடு, தார்ப்பாய்க் கூடாரத்தில் கிடந்தார்கள். வேலை முடிந்ததும் தினமும் தொமித்திலா அங்கே போய்க் கட்டு மாற்றினாள்.

“டாக்டரம்மா, காலை வெட்டுறதா இருந்தா முன்னாலயே சொல்லிடுங்க. ஒத்தச் செருப்பு எவன் விக்கிறான்னு விசாரிக்கணும்,” என்பான் கசிமிரோ.

“வாயை வெட்டுறாங்களான்னு கேளுய்யா, அதுதான் நமக்கு லாபம்,” என்பாள் ருஃபினா. பொதுச் சமையலில் வாங்கிய சோற்றில் மீன்துண்டைத் தனியே எடுத்து வைத்திருப்பாள். “சாப்பிட்டுட்டுத்தான் போகணும் கொமாத்ரே. என் கூடப்பிறந்தவ எட்டிக்கூடப் பாக்கல. நீங்க இல்லைன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்?”

தொமித்திலா சாப்பிட்டாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். நிலையத்தில் கொடுத்தது போதாமல் தன் கைக்காசில் நல்ல பஞ்சும் துணியும் வாங்கி வந்தாள். அதற்கும் சேர்த்து நன்றி சொன்னார்கள்.

ஒரு மாலை கூடாரத்தை நெருங்கும்போதே ருஃபினாவின் குரல் கேட்டது. தண்ணீர் வரிசையில் யாரோ ஒருத்தியோடு மல்லுக்கு நின்றாள்.

“டிசம்பர்லயே பியூரா சந்தையில இறால் குவிஞ்சு கெடந்துச்சுடி. மீன்காரங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டாங்க,” என்றாள் அந்தப் பெண்.

“என் கொமாத்ரே வாயால சொன்னா, கடல் ஜில்லுனு இருக்குன்னு. அவளைப் பொய்க்காரிங்குறியா? நாக்கை அடக்கிப் பேசு!”

வாளியைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு வந்த ருஃபினாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “கேட்டீங்களா அவ பேச்சை?”

“அவ சொன்னது நெசம் கொமாத்ரே.” தொமித்திலா உட்காரவில்லை. “கடல் சூடாத்தான் இருந்துச்சு. நீங்க கேட்ட அன்னிக்குக் காலையில இறால் உரிச்சுட்டுத்தான் வேலைக்கு வந்தேன்.”

ருஃபினா வாளியைக் கீழே வைத்தாள். “மழை வரும்னு உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லலையா?”

தப்பிக்க அவளே வழி திறந்து கொடுத்தாள். தலையை ஆட்டினால் போதும்.

“எனக்கே தெரியும்.”

கசிமிரோ முழங்கையை ஊன்றி எழுந்தான். “இறால் ருசியா இருந்துச்சா?” என்று கேட்டான். அதில் வேடிக்கை இல்லை.

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே,” என்றாள் ருஃபினா மெதுவாக. “எழுப்புங்கன்னு எதுக்குச் சொன்னீங்க?”

“ரேடியோவுலயும்...” என்று ஆரம்பித்த தொமித்திலா நிறுத்திக்கொண்டாள். அவள் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

“போங்க தொமித்திலா.”

கொமாத்ரே என்று சொல்லவில்லை. கட்டு மாற்றாமலேயே அவள் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் கூடாரத்துக்குப் போனாள். ஒரு கை வெளியே நீண்டு மருந்துத்துணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டது. வாசல்துணி மறுபடி இறங்கியது. நேற்றே மாற்றியிருக்க வேண்டிய கட்டு அது. தொமித்திலா சேற்றில் நின்றபடி துணியைப் பார்த்துப் பேசினாள்.

“பழைய கட்டை இழுக்காதீங்க. கொதிக்கவச்சு ஆறின தண்ணியை ஊத்தி ஊறவிடுங்க.”

உள்ளே தண்ணீர்ச் சத்தம். கசிமிரோ முனகுவது கேட்டது.

“நடுவுலேர்ந்து வெளிப்பக்கமாத் தொடைங்க. தொடைச்ச துணியை மறுபடி வைக்காதீங்க.”

பிறகு, யாரிடம் என்றில்லாமல், “மஞ்சளா இருக்கு,” என்றது ருஃபினாவின் குரல்.

“நாத்தம் அடிக்குதா?”

“இல்ல.”

“சுத்தியும் செவந்து வீங்கியிருக்கா?”

“இல்ல.”

“அப்ப பரவாயில்ல. இறுக்கிக் கட்டாதீங்க, ஒரு விரல் நுழையணும்.”

துணிக்கு அடியில் அழுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வெளியே தள்ளப்பட்டது. தொமித்திலா அதை எடுத்துப் போய்க் கொட்டி, கழுவி, வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்கு நடந்தாள்.