ஜன்னல் வழியாகப் போட்ட மூன்று வேதங்கள்

செஞ்சியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் மீனம்பாள் வேலை செய்கிறார். வயது நாற்பத்தாறு, பிறந்த ஊர் தொண்டூர். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி குத்தியவர் என்பதால் கடைத்தெருவில் அவரைக் கண்டதும் முழங்கையை மறைத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்குச் சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வருவார். வந்தால் டீ, காப்பி கொடுக்க முடியாது. அவர் மார்மன் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். சென்னையில் வேலை பார்த்தபோது, 2011-இல், ஞானஸ்நானம் பெற்றார். டீயும் காப்பியும் அவர்கள் வேதப்படி விலக்கு.

"செஞ்சி பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்காத ஒரே ஆளு எம் பொண்டாட்டி. அவ பங்கையும் சேர்த்து நான் குடிக்கிறேன்" என்பார் அவர் கணவர் எழிலன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் சபையில் சேரவில்லை.

பைபிளுடன் அவர்களுக்கு இன்னும் மூன்று வேதங்கள் உண்டு. மார்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து. மீனம்பாள் இந்த மூன்றையும் செஞ்சி பைண்டர் ஒருவரிடம் கொடுத்து ஒன்றாகக் கட்டிக்கொண்டார். கடைசியில் பதினாறு பக்கம் வெறும் தாள் சேர்க்கச் சொன்னார். மூன்று தலைப்புக்கும் முதுகில் இடம் போதவில்லை என்று பைண்டர், சிவப்பு அட்டை மேல் பொன் எழுத்தில் 'வேதம்' என்று மட்டும் அடித்துவிட்டார்.

அதை நான் இரவல் வாங்கிப் படித்தேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டு பதிவறை எழுத்தராக இருந்தவன் நான். மார்மன் புத்தகத்தில் ஓர் இடம் என்னைத் துள்ள வைத்தது. உலோகத் தகடுகளில் எழுதிய பதிவேடு, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறி வருகிறது. பொறுப்பேற்றவர்களில் சிலர் எழுதியது சில வரிதான். ஒருவர், தன் அண்ணன் கடைசிப் பகுதியைத் தன் கையாலேயே எழுதியதைப் பார்த்ததாகவும், ஒப்படைத்த அன்றைக்குத்தான் அவர் எழுதியதாகவும் குறித்துவிட்டு முடித்துக்கொள்கிறார். எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, கணக்கு முடிக்கும் நாளில், நடந்ததே அதுதான்! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

வெறும் தாள்களில் மீனம்பாள் தம் முன்னோர் பெயர்களை எழுதிவந்தார். இறந்த முன்னோருக்காகவும் அவர்கள் சபையின் கோயிலில் ஞானஸ்நானம் செய்வார்கள். அதற்குப் பெயர் வேண்டும். நிலம் வாங்கியவர், விற்றவர் பெயர்களையெல்லாம் நான் கரையானிடமிருந்து காப்பாற்றியவன். மீனம்பாளின் முன்னோருக்கு நிலம் இருந்ததில்லை. என் பத்திரத் தொகுதிகளில் அவர்களில் ஒருவர் பெயரும் கிடையாது. இரண்டு ஆண்டு தொண்டூரில் வீடு வீடாகப் போய் நாற்பத்தேழு பெயர் சேர்த்தார். அதில் முப்பது பெயர் சொன்ன ராஜம்மாள் தை மாதம் இறந்துபோனார்.

"நகல் எங்கே?" என்று கேட்டேன்.

"எடுக்கணும் சார்."

"எப்போ?"

"நீங்க கையை மடக்காம நீட்டுங்க சார்."

2024 ஜூன் 15, சனிக்கிழமை. பெரிய பாட்டி முனியம்மாளுக்குத் தங்கைகள் உண்டு, அவர்கள் பெயர் குஞ்சம்மாளுக்குத்தான் தெரியும் என்று மீனம்பாள் கேள்விப்பட்டிருந்தார். குஞ்சம்மாள் தொண்டூரில் பிறந்து அவலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். எழுபது வயது, போன் கிடையாது. அவரைப் பார்க்கத்தான் மீனம்பாள் அன்று புறப்பட்டார். எழிலனுக்குக் காலைச் சவாரி இருந்ததால் பஸ்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவலூர்பேட்டை பஸ் வந்து நின்றது. கல்யாணக் கூட்டம். எல்லோரும் ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் போட்டு இடம் பிடித்தார்கள். மீனம்பாளிடம் துண்டு இல்லை. கைப்பையில் பணமும் போனும் இருந்தன. கையில் இருந்ததைப் போட்டார். வேதம் மூன்றாவது ஜன்னல் வழியாக உள்ளே போய்ச் சீட்டில் விழுந்தது. வேதத்துக்குச் சொந்தக்காரர் படிக்கட்டுக்கு ஓடினார். கூட்டம் அவரை உள்ளே விடவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. மணி 8.41.

நான் எதிரே செய்தித்தாள் வாங்கிக்கொண்டிருந்தேன். மீனம்பாள் தலையில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கேட்கப்போவது அவருக்குத் தெரியும்.

"நகல் எடுக்கலை சார்! கேக்காதீங்க!"

பஸ் நம்பரைக் குறித்தேன். மீனம்பாள் போன் செய்த நாலாவது நிமிடம், சவாரியை இறக்கிவிட்டு எழிலன் வந்தார். நாங்கள் ஏறினோம்.

"நாப்பத்தேழு பேரையும் ஜன்னல்ல தூக்கிப் போட்டியா?" என்றார் எழிலன்.

"ஓட்டுய்யா!"

"எங்க அம்மா பேரு மட்டும் எழுதியிருந்தீன்னா இந்நேரம் அந்தக் கெழவி பஸ்ஸ நிறுத்தி இறங்கி நடந்தே வந்திருக்கும்."

ஆட்டோ பறந்தது. எனக்கு எழுபத்தொன்பது வயது. காற்று என் சட்டைக்குள் புகுந்து நான் பலூன் மாதிரி உப்பினேன். ஒரு திருப்பத்தில் பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. "தோ! தோ!" என்று கத்தினேன். அப்படிக் கத்தி அறுபது வருஷமாவது இருக்கும். உடனே ஓர் ஆட்டுமந்தை சாலையை அடைத்தது. எழிலன் ஹாரன் அடித்தார். ஒரு கிடா திரும்பி நின்று ஆட்டோவை முகர்ந்து பார்த்தது. மீனம்பாள் கண்ணை மூடி ஜெபித்தார். கிடா நகர்ந்தபோது பஸ் மறைந்துவிட்டிருந்தது.

அவலூர்பேட்டை வந்தபோது மணி 9.36. பஸ் நின்றுகொண்டிருந்தது. மீனம்பாள் தாவி ஏறினார். மூன்றாவது ஜன்னல் சீட் காலி. புத்தகத்தைக் காணோம்.

அவர் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "ராஜம்மாளை இனி எங்க போய்க் கேப்பேன்?" என்றார்.

பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பெரியாண்டி! பெரியாண்டி யாருப்பா? இறங்கிட்டாரா?"

ஓடினோம். கண்டக்டர் துரைக்கண்ணு கையில் சிவப்பு அட்டை. சுற்றிலும் பத்துப் பேர்.

"சார், இது எங்க புக்கு!"

"உங்களதா? யம்மா, இன்னா வேலை பண்ணிட்ட! செஞ்சியிலேர்ந்து அந்த சீட்டுல ஒருத்தரும் ஒக்காரல. வேதம்னு போட்டிருக்குது, எவன் ஒக்காருவான்? மாப்ளை வீட்டுக்காரங்களே நின்னுக்கினு வந்தாங்க. சீட்டுல வெச்சபடியே புரட்டிப் பாத்தேன், கடைசிப் பக்கத்துல பேரா இருந்துச்சு. டூர் போற லிஸ்ட்டுன்னு நெனச்சு ஒவ்வொரு பேரா கூப்ட்டுக்கினே வரேன், பேருக்கு உண்டான ஆளு ஒருத்தரும் கை தூக்கல!"

"அவங்கல்லாம் செத்து நூறு வருசம் ஆகுதுங்க" என்றார் எழிலன்.

துரைக்கண்ணு புத்தகத்தைச் சட்டென்று மீனம்பாளிடம் நீட்டினார்.

"ஒருத்தி தூக்கினேனே!" என்று கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் முன்னால் வந்தார். "முனியம்மான்னு கூப்ட்டான். எங்க ஆயாவோட அக்காவாச்சேன்னு கை தூக்கினேன். நீ தொண்டூரு பொண்ணா? எழுபது வயசுல நான் நின்னுக்கினு வரேன், உன் புக்கு ஜம்முனு ஒக்காந்துக்கினு வருது!"

குஞ்சம்மாள்! செஞ்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். மீனம்பாள் அவரைக் கட்டிக்கொண்டு சுற்றினார். "உடுடி, வெத்தலை கொட்டுது" என்றார் குஞ்சம்மாள்.

நான் புத்தகத்தை வாங்கிச் சரிபார்த்தேன். பெயர்கள் ஐம்பது. நாற்பத்தேழுக்குப் பின் வேறு கையெழுத்தில் காத்தாயி, பச்சையம்மாள். முனியம்மாளின் தங்கைகள். தங்கைகள் பெயர் விட்டுப்போயிற்று என்று குஞ்சம்மாள் சொல்லச் சொல்ல, டூர் லிஸ்ட்டில் சேர்ப்பதாக நினைத்து ஓடும் பஸ்ஸில் துரைக்கண்ணு எழுதியது. கோணல், ஆனால் பிழையில்லை.

"ஐம்பதாவது?" என்றேன்.

துரைக்கண்ணு நெளிந்தார். "எல்லாரும் எழுதியிருந்தாங்களா, நானும் ஒரு வரி எழுதினேன் சார்."

எழுதியிருந்தது இது: 'துரைக்கண்ணு, கண்டக்டர். செஞ்சி முதல் அவலூர்பேட்டை வரை இந்தப் புத்தகம் என்னிடம் பத்திரமாக இருந்தது. வேறு விசேஷம் இல்லை.'

மார்மன் புத்தகத்துக் காப்பாளர்கள் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் அவர் கையைக் குலுக்கினேன். விக்கல் மறுபடி வந்தது.

அங்கேயே ஜெராக்ஸ் கடையில் மூன்று நகல் எடுத்தோம். மீனம்பாளுக்கு ஒன்று, குஞ்சம்மாளுக்கு ஒன்று. மூன்றாவது என் பீரோவில், முதல் தட்டில் இருக்கிறது.

திங்கள்கிழமை மீனம்பாள் பட்டியலைப் படம் எடுத்துச் சென்னைச் சபைக்கு அனுப்பினார். மறுநாள் எனக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது அங்கிருந்து போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், ஐம்பது பேரும் வந்துட்டாங்க. இந்தத் துரைக்கண்ணு எத்தனாவது தலைமுறை? எப்போ இறந்தார்?"

மீனம்பாள் சிரித்த சிரிப்பில் ஊசி என் கையில் ஆடியது.

"அவரு இன்னும் எட்டு நாப்பது வண்டியிலதாங்க இருக்காரு!"