காத்தாடி நிலமும் தலைவர் பதவியும்

மின்வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தேனியில் வீட்டோடு கிடப்பது எனக்கு மூச்சு முட்டியது. அந்த நேரம் பார்த்து மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தலைவர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. கரண்டுக்கு என்ன கட்டணம் என்று முடிவு செய்கிற இடம் அது. வாரியத்துக்கும் காற்றாலைக்காரர்களுக்கும் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவர்கள்தான். சர்வீஸ் முழுக்க அவர்கள் போட்ட உத்தரவுகளைப் படித்துப் பல்லைக் கடித்தவள் நான். அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. விண்ணப்பித்தேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தலைமைச் செயலாளர், டெல்லியிலிருந்து ஒருவர். அவர்கள் இரண்டு பெயரைச் சொல்வார்கள், அதில் ஒருவரை அரசாங்கம் நியமிக்கும். நேர்காணல் நன்றாகத்தான் போனது. கடைசியில் நீதிபதி, இந்தத் தொழிலில் உங்களுக்குச் சொந்த ஆதாயம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அதைப் பார்க்காமல் யார் பெயரையும் சொல்லக்கூடாது என்பது சட்டம்.

உண்டு என்றேன். ராயப்பன்பட்டிப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலம் என் பெயரிலும் தம்பி பெயரிலும் சேர்ந்து கிடக்கிறது. அதன் மேற்கு மூலையில் ஒரு கம்பெனி காற்றாலை நட்டு வாடகை தருகிறது. எங்கள் ஊரில் அதற்குக் காத்தாடி என்றுதான் பேர். பதவி கிடைத்தால் உங்கள் பங்கை விட்டுவிடுவீர்களா என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, பதவி கிடைத்தால் என் பங்கை உன் பெயருக்கே எழுதித் தருகிறேன் என்றேன். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்கப்புறம் போனே இல்லை. இரண்டு பெயரில் என் பெயரும் ஒன்று என்று சேதி கசிந்தபோது சொந்தபந்தமெல்லாம் கூப்பிட்டது. ஒன்றுவிட்ட தங்கை வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு எனக்காகத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்தேவிட்டாள். இவன் மட்டும் வாயே திறக்கவில்லை. நிலம் முழுசாகக் கைக்கு வருகிற குஷியை மறைக்கத் தெரியாமல் ஒளிகிறான் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பிப் போனேன்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தான். என்றைக்கு எழுதித் தரணும் என்று சொல், வந்து கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறாய் என்று கத்தினேன். அவன் கத்தரியைக் கீழே வைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா, அப்பறம் இங்கன உனக்கு என்னக்கா இருக்கு? விருந்தாளி மாதிரி வந்து காப்பி குடிச்சிட்டுப் போவ."

பங்கை எழுதிக் கொடுத்த அத்தைமார்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வருவார்கள், சேலையை வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் பஸ் ஏறிவிடுவார்கள். அப்பா, பெண்ணுக்கு எதற்குப் பங்கு என்ற நாலு பேர் பேச்சைக் கேட்காமல் நிலத்தில் என் பெயரையும் போட்டவர். தம்பியும் நான் கேட்கும்படி ஒருநாளும் வைத்ததில்லை, வெள்ளாமை வந்தால் என் பங்கை வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவான். இவனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் பாருங்கள்.

ஆனால் நீதிபதியிடம் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? பதவி ஆசையும் லேசில் விடுகிற மாதிரி இல்லை. கிடைக்க வேண்டும் என்றும் இருந்தது, கிடைத்துத் தொலைக்கக் கூடாது என்றும் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் சென்னையிலிருந்து பழைய சகா ஒருவர் கூப்பிட்டார். ஆர்டர் வந்துவிட்டது, நியமனம் இன்னொருவருக்கு என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனாலும் போனை வைத்ததும் அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். உடனே தம்பியைக் கூப்பிட்டேன்.

"வேற ஆளைப் போட்டுட்டாகடா."

யாரைப் போட்டார்கள், ஏன் உன்னை விட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே பெண்டாட்டியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"ஏய், அக்கா எழுதிக் குடுக்க வேணாமாம்."

அவள் என்னவோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். ஏலே, எனக்கு வேலை கிடைக்கவில்லை என்று சொல்கிறேன், உனக்குச் சிரிப்பு கேட்கிறதா என்று போனில் கத்தினேன். கத்தும்போதே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.